விளக்கோடு நின்றவள்

போன செவ்வாய்க்கிழமை என் மகளின் அறைச் சுவரிலிருந்து ஒரு படத்தைக் கிழித்தெடுத்துவிட்டேன். மடித்த உடுப்புகளை வைக்கத்தான் போனேன். படத்தைக் கண்டதும் கை போய்விட்டது. ஒட்டியிருந்த நீலப் பசையோடு நான்கு மூலைகளும் சுவரிலேயே தங்கிவிட, மூலைகள் இல்லாத படம் என் கையில் இருந்தது. அந்த நேரம் பார்த்து அவள் பள்ளியிலிருந்து வந்தாள்.

"அம்மா, வட் ஆர் யூ டூயிங்?"

அவளுக்குப் பதினாறு வயது. நியூசிலாந்தில், ஓக்லாந்து நகரின் மாசி என்ற பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டில் நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அன்று கேள்வி அவளுடையதாகிவிட்டது. 

சித்திரப் பாடத்துக்கு அவள் ஃபோலியோ என்ற படத் தொகுப்பு ஒன்று செய்ய வேண்டும். நூறு வருடத்துக்கு முந்திய கதைச் சஞ்சிகைகளில் வரைந்த மர்மப் பெண்களை அதற்குப் பொருளாக எடுத்திருக்கிறாள். முக்காடிட்டவர்கள், கடிதத்தை மார்போடு மறைப்பவர்கள், யாரோ வரும் சத்தம் கேட்டு நின்றுவிட்டவர்கள். இணையத்தில் தேடி, அச்சடித்து, வரிசையாக ஒட்டியிருந்தாள். நான் கிழித்தது, விளக்கோடு பாதி திறந்த கதவைப் பார்த்தபடி, நமக்கு முதுகைக் காட்டி நின்ற ஒருத்தியை.

கோபத்துக்கு வேறு காரணமும் இருந்தது. மகள் சித்திரம் படிக்க வெலிங்டனுக்குப் போக விரும்புகிறாள் என்பதை அதற்கு முந்திய வாரம் அவளுடைய ஆசிரியையின் வாயால்தான் அறிந்தேன். ஆசிரியைக்கு மூன்று மாதமாகத் தெரியுமாம். ஏன் என்னிடம் முதலில் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, மிஸ்ஸிடம் சொல்வது ஈசி என்றாள். அந்தச் சொல் எனக்குள் கிடந்து அரித்துக்கொண்டிருந்தது உண்மை. ஆனால் படத்தின்மேல் போன கை அந்த வாரத்துக் கை அல்ல. அதற்கு ஒன்பது வயது. அது எனக்கு மட்டும்தான் தெரியும். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அந்தத் துணிவில் எழுதுகிறேன்.

எனக்கு ஐந்து வயதாக இருக்கும்போது அப்பா யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டார். எந்த நாட்டுக்கு என்பது அவருக்கே சரியாகத் தெரியாமல் புறப்பட்டு, கடைசியில் ஓக்லாந்தில் வந்து நின்றார். அம்மாவும் நானும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் விசாவுக்குக் காத்திருந்தோம். எனக்கு அப்பா ஒரு குரல் மட்டும்தான். லொட்ஜுக்குக் கீழே இருந்த கடையின் தொலைபேசிக்கு மாதத்தில் இரண்டு ஞாயிறு அந்தக் குரல் வரும். பத்து நிமிடம். அதில் ஏழு நிமிடம் அம்மா அழுவார். மிச்சத்தில் ஒரு நிமிடம் எனக்கு. "பல்லு விழுந்திட்டுதோ?" என்று குரல் கேட்கும். "ஓம்." "எந்தப் பல்லு?" நான் வாயைத் திறந்து தொலைபேசிக்குக் காட்டுவேன்.

நான்கு வருடம் கழித்து நாங்கள் வந்து இறங்கியபோது விமான நிலையத்தில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவருக்கு நல்ல மீசை. மற்றவர் மெலிந்துபோய், பெரிய கம்பளிச் சட்டை ஒன்றுக்குள் இருந்தார். "ஓடு பிள்ளை, அப்பாட்டப் போ" என்று அம்மா என்னைத் தள்ளிவிட்டார். நான் ஓடிப்போய் மீசைக்காரரின் காலைக் கட்டிக்கொண்டேன். அவர் காரோடு உதவிக்கு வந்த சிநேகிதர். எல்லோரும் சிரித்தார்கள். மெலிந்தவரும் சிரித்தார். பிறகு குனிந்து எங்கள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு கார் வரைக்கும் முன்னால் நடந்தார்.

கிளென்ஃபீல்டில் அவர் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டின் முன்னறையில் ஏழு பெண்கள் இருந்தார்கள்.

அப்பாவுக்குப் பென்ரோஸில், பழைய கடதாசி சேர்க்கும் கிடங்கு ஒன்றில் வேலை. நகரம் வாசித்து முடித்ததெல்லாம் அங்கே வந்து குவியும். வகை பிரித்து, அமுக்கிக் கட்டி, கூழாக்க அனுப்புவார்கள். ஒருநாள் ஆள் இல்லாத வீடு ஒன்றைத் துப்புரவாக்கியபோது பெட்டி பெட்டியாகப் பழைய ஆங்கிலக் கதைச் சஞ்சிகைகள் வந்தனவாம். ஈரமும் பூச்சியும் கதைகளைத் தின்றுவிட்டன. சில படங்கள் மட்டும் தப்பியிருந்தன. அவற்றை அப்பா மேலாளரிடம் கேட்டு வாங்கி வந்து, குண்டூசி குத்திச் சுவரில் வைத்திருந்தார்.

எல்லாம் கறுப்பு வெள்ளை. ரயில் பெட்டியின் மூலையில் வலை முக்காட்டுக்குள் ஒருத்தி. திரைச்சீலைக்குப் பின்னால் கடிதத்தோடு ஒருத்தி. மெழுகுதிரிக்கு முன்னால், பாம்பு வளையல் போட்ட ஒருத்தி. கப்பல் தட்டில் சால்வை பறக்க ஒருத்தி. இன்னொருத்தி முகமூடியைப் பாதி கழற்றியிருந்தாள். வேறொருத்தி தரையில் கிடந்த ஓர் ஆணின் கையுறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றிலும் எங்கோ ஒரு ஆணின் நிழல் விழுந்திருக்கும், ஆள் இருக்கமாட்டான். படங்களின் கீழே கதையிலிருந்து பிய்த்தெடுத்த ஒரு வரி. 'இன்னும் ஒரு நிலையம்தான் இருந்தது.' 'அவள் பெயரை அங்கே யாரும் கேட்கவில்லை.' அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

மிச்சத்தை அப்பா தானே செய்துகொள்வார். வேலையால் வந்து, தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு, பாம்பு வளையல்காரிக்கு அன்று என்ன நடந்தது என்று எனக்குச் சொல்வார். கதைகள் நல்லாகத்தான் இருந்தன. ஆனால் அவர் சொல்லும்போது என்னைப் பார்ப்பதில்லை. கதை எனக்கு, கண் அவளுக்கு. அதைவிடக் கொடுமை, அந்தக் குரல். மாதத்தில் இரண்டு நிமிடம் எனக்கென்று வந்த அந்தக் குரலை இவர்கள் நான்கு வருடமாகத் தினமும் கேட்டிருக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. ஒருநாள் குளியலறையில் அம்மாவின் சால்வையை முக்காடாகப் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் பக்கவாட்டில் நின்று பார்த்தேன். முக்காட்டுக்குள் இரட்டைப் பின்னலோடு, பல் இல்லாத ஒரு பிள்ளை நின்றது. மர்மம் ஒன்றும் வரவில்லை.

ஏழாவது பெண்தான், பாதி திறந்த கதவைப் பார்த்தபடி விளக்கோடு நின்றவள். தொலைபேசிக்கு நேர் மேலே அவளுக்கு இடம். முகம் தெரியாது. கழுத்தும், தூக்கிக் கட்டிய கொண்டையும், தோளில் இருந்து இறங்கும் துணியும்தான். அவளுக்கு மட்டும் அப்பாவிடம் கதை இருக்கவில்லை.

"அவ ஆர் அப்பா?"

"எவ?"

"விளக்கு வச்சிருக்கிறவ."

"அவவோ? அவ சும்மா நிக்கிறா."

மற்ற ஆறு பேரும் ஓடுகிறார்கள், ஒளிக்கிறார்கள், நஞ்சு கலக்கிறார்கள். இவள் மட்டும் சும்மா நிற்கிறாளாம். யாரைப் பற்றிச் சொல்லாமல் விடுகிறார்களோ அவளிடம்தான் விஷயம் இருக்கிறது என்பதை விளங்கிக்கொள்ள ஒன்பது வயது போதும். கதிரையில் ஏறிப் பார்த்தேன். மற்றப் படங்களின் மூலைகளில் ஒவ்வொரு குண்டூசித் துளை. இவளுடைய மூலைகள் அரிதட்டு மாதிரி துளைத் துளையாக இருந்தன. அப்பா இவளைத் திரும்பத் திரும்பக் கழற்றிக் கையில் எடுத்திருக்கிறார்.

அம்மாவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.  கொழும்பிலிருந்து கொண்டுவந்த முருகன் கலண்டரை எங்கே மாட்டுவது என்று மட்டும் கேட்டார். அப்பா குசினிக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஆணி அடித்துக் கொடுத்தார். அடுத்த நாள் கலண்டர் ரயில் பெட்டிக்காரிக்கு மேலே தொங்கியது. மாலையில் அப்பா அதைக் கழற்றிக் குசினி ஆணியில் மாட்டினார். மறுநாள் முருகன் கப்பலுக்குப் போனார். அதற்கு மறுநாள் திரைச்சீலைக்கு. இப்படி வள்ளி தெய்வானை சகிதம் ஏழு பெண்களையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். இரண்டு மனைவியரோடு இருப்பவரை இந்த வேலைக்கு அனுப்புவது சரிதானா என்று அம்மா யோசித்ததாகத் தெரியவில்லை.

"இஞ்சருங்கோ, தேத்தண்ணி ஆறுது" என்பார் அம்மா குசினியிலிருந்து.

"ஓம், வாறன்" என்பார் அப்பா, கலண்டரைக் கழற்றிக்கொண்டே. அவ்வளவுதான் அவர்களுடைய சண்டை.

அந்தச் சண்டையில் நான் அம்மாவின் பக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் நான் என் பக்கம்தான்.

எங்கள் தெருவின் மறுமுனையில் மன்னாரைச் சேர்ந்த ஒரு அன்ரி இருந்தார். ஆஸ்பத்திரியில் வேலை, ஞாயிறு தவறாமல் மாதா கோயில், யாருக்கும் வருத்தம் என்றால் முதலில் வந்து நிற்பார். ஒரு சனிக்கிழமை பின்னேரம் எங்களைப் பார்க்க வந்தார். அம்மா குசினியில் வடை சுட்டுக்கொண்டிருந்தார். அப்பா பால் வாங்க டெய்ரிக்கு, அதுதான் இங்கத்தைய மூலைக்கடைக்கு, போயிருந்தார். முன்னறையில் அன்ரியும் நானும். சுவரை ஒரு சுற்றுப் பார்த்தவர், தொலைபேசிக்கு மேலே வந்ததும் எழுந்துவிட்டார். தோளிலிருந்து இறங்கும் துணி, கையில் விளக்கு, அடக்கமான நிலை.

"உங்கட வீட்டிலயும் மாதா படமோ? இது எந்த மாதா பிள்ளை? நான் கண்டதே இல்லை."

படத்தைத் தொட்டு முத்தமிடக் கையை நீட்டினார்.

"அது மாதா இல்லை அன்ரி."

"அப்ப ஆர்?"

"நாங்கள் வர முதல் அப்பாவோட இஞ்ச இருந்தவ."

பொய் என்று சொல்ல முடியாது. நாங்கள் வருமுன் அவள் அங்கேதான் இருந்தாள். அப்பாவோடுதான் இருந்தாள். அன்ரியின் கை அடுப்பைத் தொட்டதுபோலத் திரும்பி வந்தது. அம்மா வடைத் தட்டோடு வந்தபோது அவர் ஒரு வடையை மட்டும் எடுத்துக்கொண்டு, "நீ நல்லாச் சாப்பிடோணும் தங்கச்சி, மெலிஞ்சு போனாய்" என்றார். வந்த நாட்டில் தன்மேல் இவ்வளவு அக்கறையா என்று அம்மாவுக்குச் சந்தோஷம்.

அப்போது ஓக்லாந்தில் தமிழ்க் குடும்பங்கள் குறைவு. எல்லோரும் எல்லோரையும் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு நடக்கும் மண்டபத்தில் காண்பார்கள். மறுநாள் அம்மா அங்கே பெண்கள் இருந்த பக்கம் போனபோது பேச்சு நின்றது. பிறகு ஒருவர் அவருக்குக் கதிரை இழுத்துப் போட்டார். இன்னொருவர் முதுகைத் தடவி, "ஆம்பிளையள் தனிய இருந்தா அப்பிடித்தான். இனி நீ வந்திட்டாய்தானே, பயமில்லை" என்றார். நான் இரண்டு வரிசை தள்ளி இருந்து, உயிர்மெய் எழுத்துகளை மிகவும் கவனமாக எழுதிக்கொண்டிருந்தேன்.

வீடு திரும்பும் வழியில், கார் ஹார்பர் பாலத்தில் ஏறியதும் அம்மா கேட்டார்.

"அந்தப் பொம்பிளை இப்ப எங்க?"

"எந்தப் பொம்பிளை?" என்றார் அப்பா.

"விளக்கோட நிக்கிறவ."

அப்பா சிரித்துவிட்டார். சிரித்திருக்கக்கூடாது. "என்ன கதைக்கிறீர்? அது கடதாசி. குப்பையில வந்தது. நூறு வருசப் பழசு."

"படம் பழசுதான். ஆரையோ மாதிரி இருக்கிறபடியாத்தானே கழட்டாமல் வச்சிருக்கிறியள்."

"ஆரை மாதிரி? அவவுக்கு முகமே இல்லையே."

"அதுதான்" என்றார் அம்மா.

 பிறகு அம்மா, அழாமல், தொலைபேசியில் நான் ஒருநாளும் கேட்டிராத ஒரு குரலில் சொன்னார். "ஊர் முழுக்கத் தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் தெரியாது. நான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்கே போறன்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. போக வேண்டியவள் அவள், நாங்கள் அல்ல.

"ஆர் உமக்கு இதைச் சொன்னது?" என்று கேட்டுக்கொண்டே அப்பா பின்னிருக்கையைக் காட்டும் கண்ணாடியில் பார்த்தார். கண்ணாடிக்குள் நான் இருந்தேன். ஒரு கணம்தான். நான் திரும்பி, பாலத்துக்குக் கீழே நின்ற பாய்மரப் படகுகளைப் பார்க்கத் தொடங்கினேன். அவர் அந்தக் கேள்வியை இரண்டாம் முறை கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சப்பாத்துக்கூடக் கழற்றாமல் நேராகச் சுவரடிக்குப் போனார். விளக்குக்காரியைக் கழற்றிக் கொண்டுவந்து, சாப்பாட்டு மேசையில், அம்மாவுக்கு முன்னால், குப்புற வைத்தார்.

மற்றப் பக்கங்களின் பின்புறமெல்லாம் அச்சடித்த எழுத்து. இவள் தனித் தடித்த தாளில் வந்தவள், பின்புறம் வெறுமையாக இருந்திருக்கிறது. இப்போது அங்கே வெள்ளை இடமே இல்லை. பென்சிலால், நுணுக்கி நுணுக்கி, அப்பாவின் கையெழுத்து. அம்மா குனிந்து நெடுநேரம் வாசித்தார். உதடு மட்டும் அசைந்தது.

"இதென்ன, வெண்டிக்காய் எண்டு கிடக்கு?"

"வழுவழுப்பில்லாமல் எப்பிடிச் சமைக்கிறதெண்டு உம்மட்டக் கேக்க."

"நான் சொன்னனானோ?"

"அழுதனீர்."

அம்மா சிரித்தார். பிறகு அழுதார். அப்பா தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "உம்மட குரலைக் கேட்டா எனக்கு எல்லாம் மறந்துபோகும். அதுதான் முதலே எழுதி, அவவுக்கு முன்னால நிண்டு ஒருக்காச் சொல்லிப் பாக்கிறது. அவ திரும்பிப் பாக்கமாட்டா. கூச்சமில்லை."

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, தன் கையாலேயே அவளைப் பழைய இடத்தில் குத்தினார். முருகனைக் குசினிக்குக் கொண்டுபோனார். அதற்குப் பிறகு முருகன் அங்கிருந்து அசையவில்லை. "அவ நிக்கட்டும்" என்றார் அம்மா.

இப்போது அம்மாவும் அவள் பக்கம் போய்விட்டார்.

புதன்கிழமை பள்ளியால் வந்து, அம்மா உடுப்புக் காயப்போடப் பின்பக்கம் போன நேரம், கதிரையில் ஏறி அவளைக் கழற்றினேன். திருப்பி வாசித்தேன். ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு பட்டியல். 'காய்ச்சல் மாறிட்டுதோ.' 'பிள்ளையின்ர சப்பாத்து அளவு.' 'பல்லு விழுந்ததோ.' 'இஞ்ச குளிர் எண்டு சொல்லக்கூடாது.' 'நல்லாச் சாப்பிடுறன் எண்டு சொல்லவேணும்.' சொல்லி முடித்ததை ஒவ்வொன்றாகக் குறுக்கே கோடு போட்டு அடித்திருந்தார். எனக்கு அது ஒரே விதமாகத்தான் விளங்கியது. என் காய்ச்சல் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. என் பல் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கென்று வந்த அந்த ஒரு நிமிடத்தை அவள் எனக்கு முன்னமே கேட்டுவிட்டாள். எனக்குக் கிடைத்தது மிச்சம்.

வியாழக்கிழமை காலையில் பழைய பத்திரிகைகளை நூலால் கட்டித் தெருவோரம் வைக்கும் நாள். கட்டின் நடுவில் அவளைச் சொருகினேன். பள்ளிக்குப் போகும் வழியில், லொறி வந்து கட்டைத் தூக்குவதை நின்று பார்த்துவிட்டுத்தான் நடந்தேன்.

அன்று மாலை அம்மா வீடெல்லாம் தேடினார். அப்பா வேலையால் வந்து வாசலில் நின்று, தொலைபேசிக்கு மேலே வெறுமையாக இருந்த சுவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நான்தான் கிடங்குக்குக் கொண்டுபோனன். மற்றக் கடதாசியோட சேர்ந்து போயிட்டுது" என்றார்.

"ஏன் கொண்டுபோனனீங்கள்?" என்று அம்மா கேட்டார். அப்பா குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். அம்மா ஒரு கிழமை அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அப்பா பாவம், மறதிக்காரர், கொண்டுபோகாததைக் கொண்டுபோனதாக நினைக்கிறார் என்று நான் நிம்மதியாக இருந்தேன். அந்தக் கிழமை அவர் தினமும் வழமையைவிடப் பிந்தி வந்தார். கையெல்லாம் மை. கிடங்கில் வேலை கூடவாக்கும் என்று நினைத்தேன்.

அப்பா இறந்து மூன்று வருடமாகிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை, அவரும் ஒன்றும் கேட்கவில்லை. மகள் இன்னும் 'ஃபைன்' என்பதற்கு மேல் என்னோடு கதைக்கவில்லை. கிழித்த மூலைகளை ஒட்டி, படத்தை அவளுடைய மேசையில் வைத்தேன். வைக்கும்போது குப்புறத் திருப்பிப் பார்க்கலாமா என்று ஒருமுறை கை போனது. பார்க்கவில்லை.

அந்தத் தாளில் இருந்த ஒன்றை மேலே எழுதாமல் விட்டுவிட்டேன். ஒவ்வொரு பட்டியலின் கடைசியிலும் ஒரே வரி இருந்தது. 'பிள்ளைக்கு என்ர முகம் நினைவிருக்கோ எண்டு கேக்கவேணும்.' மற்ற எல்லாம் அடிக்கப்பட்டிருக்க, அது மட்டும் ஓர் இடத்திலும் அடிக்கப்படவில்லை. நாங்கள்தான் வந்துவிட்டோமே, அப்பா இதை அடிக்க மறந்துபோனார் என்று நினைத்தேன். தொலைபேசிக்குப் பக்கத்தில் கிடந்த அவருடைய பென்சிலை எடுத்து, கதிரையில் நின்றபடியே, ஒன்றும் விடாமல் எல்லாவற்றையும் நானே அடித்துவிட்டேன்.